திருக்கை படுத்திருக்கும் நீரில் நடப்பது எப்படி?

முழங்கால் அளவு நீர்தானே என்று கடலில் விறுவிறுவென நடக்காதீர்கள். திருக்கை மீன் மணலைப் போர்த்திக்கொண்டு, கண் மட்டும் வெளியே தெரியப் படுத்திருக்கும். மிதித்துவிட்டால் வாலைச் சுழற்றி முள்ளால் குத்தும், பாவம், தற்காப்புக்குத்தான். பாதத்தைத் தூக்காமல் மணலோடு தேய்த்துத் தேய்த்து நகருங்கள். அதிர்வு தெரிந்ததும் அதுவே விலகிப் போய்விடும்.

குத்திவிட்டால், காயத்தைக் கழுவி, தாங்கக்கூடிய வெந்நீரில் (45 டிகிரி செல்சியஸைத் தாண்டக் கூடாது) 30 முதல் 90 நிமிடம் வைத்திருங்கள். நஞ்சில் இருப்பது புரதம். சூட்டில் சிதைந்து வலி தணியும். நீரின் சூட்டை, குத்துப்படாத காலால் முதலில் பாருங்கள். முள் உள்ளே ஒடிந்திருந்தால் உடனே மருத்துவரிடம் போங்கள். மார்பிலோ வயிற்றிலோ குத்தியிருந்தால் பிடுங்கவே கூடாது.

பல சுறா இனங்களின் குட்டிகளும் இந்த ஆழமற்ற நீரில்தான் வளர்கின்றன. கண்டால் பிடிக்கப் போகாமல் வழிவிடுங்கள்.