ஜாவா லிஸ்டில் ஓடிக்கொண்டே நீக்குவது: இட்டரேட்டரை எப்படிப் பயன்படுத்துவது?

ஓர் அர்ரேலிஸ்டில் 35-க்குக் குறைந்த மதிப்பெண்களை நீக்க வேண்டும். ஃபார்-ஈச் லூப்பில் ஒவ்வொன்றாக எடுத்து லிஸ்டின் ரிமூவை அழைப்பதுதான் முதலில் தோன்றும். லிஸ்டில் 72, 31, 28, 65 இருந்தால், 31-ஐ நீக்கிய அடுத்த சுற்றிலேயே கன்கரன்ட் மாடிஃபிகேஷன் எக்ஸெப்ஷன் (சுற்றும்போதே லிஸ்ட் மாறிவிட்டது என்ற பிழை) வந்து புரோகிராம் நின்றுவிடும். நல்லதுதான், தவறு கையோடு தெரிந்துவிட்டது. 65-ஐ எடுத்துவிட்டு 72, 31, 28 மட்டும் கொடுத்துப் பாருங்கள். பிழையே வராது, ஆனால் நீக்கியிருக்க வேண்டிய 28 லிஸ்டிலேயே தங்கியிருக்கும்.

ஃபார்-ஈச் லூப்புக்குப் பின்னால் ஓடுவதும், உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரும் இட்டரேட்டர்தான். அடுத்து எடுக்க வேண்டிய இடத்தின் எண்ணை அது வைத்திருக்கிறது. இடங்கள் 0-இலிருந்து எண்ணப்படுவதால், 72, 31 இரண்டையும் எடுத்தபின் அந்த எண் 2. 31-ஐ நீக்கியதும் லிஸ்டின் அளவும் 2 ஆகிவிடுகிறது. இன்னும் உறுப்பு இருக்கிறதா என்று சொல்லும் ஹேஸ்நெக்ஸ்ட் இந்த இரண்டு எண்களையும்தான் ஒப்பிடுகிறது. சமமாக இருப்பதால் லூப் முடிகிறது. லிஸ்ட் இடையில் மாறியதா என்ற சோதனை, அடுத்த உறுப்பை எடுத்துத் தரும் நெக்ஸ்டுக்குள் இருக்கிறது, அதை யாரும் அழைக்கவே இல்லை. எக்ஸெப்ஷனை விட இந்த மௌனம்தான் ஆபத்து.

லூப்புக்கு வெளியே லிஸ்டின் இட்டரேட்டர் மெத்தடை ஒருமுறை அழைத்து, கிடைப்பதை ஒரு வேரியபிளில் வையுங்கள். வைல் லூப்பின் நிபந்தனை ஹேஸ்நெக்ஸ்ட். உள்ளே முதல் வரியில் நெக்ஸ்டை அழைத்து மதிப்பை வாங்குங்கள். 35-க்குக் குறைவென்றால் ரிமூவ். லிஸ்டுடையது அல்ல, இட்டரேட்டருடையது. அது நீக்கிய கையோடு தன் எண்ணையும் ஒன்று பின்னே நகர்த்திக்கொள்ளும், 28 தப்பாது.

ஒரு சுற்றுக்கு நெக்ஸ்ட் ஒருமுறைதான். நிபந்தனையில் ஒன்று, அச்சிட இன்னொன்று என அழைத்தால், சோதித்தது ஒரு மதிப்பெண், அச்சாவது அடுத்த மதிப்பெண். கடைசியில் நோ சச் எலிமென்ட் எக்ஸெப்ஷனும் வரலாம். நெக்ஸ்டை அழைக்காமலோ, ஒரே நெக்ஸ்டுக்கு இரண்டு முறையோ ரிமூவை அழைத்தால் இல்லீகல் ஸ்டேட் எக்ஸெப்ஷன். கடைசிவரை ஓடிய இட்டரேட்டர் திரும்பி வராது, மறுபடி சுற்றப் புதிதாக ஒன்று வாங்க வேண்டும். லிஸ்ட் டாட் ஆஃப் தரும் மாற்ற முடியாத லிஸ்டில் இட்டரேட்டராலும் நீக்க முடியாது. அதை நியூ அர்ரேலிஸ்டுக்குள் நகலெடுத்துக்கொள்ளுங்கள்.

வெறுமனே நீக்குவது மட்டும்தான் வேலை என்றால், 2014-இல் ஜாவா 8-உடன் வந்த, நிபந்தனைக்குப் பொருந்துவதையெல்லாம் நீக்கும் ரிமூவ்இஃப் போதும். அர்ரேலிஸ்டில் அது வேகமும்கூட: இட்டரேட்டரின் ரிமூவ் ஒவ்வொரு நீக்கத்துக்கும் பின்னால் உள்ள உறுப்புகளை முன்னே தள்ளுகிறது, ரிமூவ்இஃப் எல்லாவற்றையும் ஒரே ஓட்டத்தில் ஒதுக்கிவிடுகிறது.