குடியால் டிஸ்சார்ஜ் நோட்டீஸ் வந்ததா? ஜவான்கள் செய்யும் தவறுகள்

ராணுவத்தில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன் நான். டிஸ்சார்ஜ் நோட்டீஸ், அதாவது படையிலிருந்து விடுவிக்கப்போவதாகச் சொல்லும் அறிவிப்பு வாங்கிய தம்பிகள் பலர் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். எங்கள் காலத்து ஆட்கள் செய்து வேலையை இழந்த அதே தவறுகளைத்தான் இவர்களும் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். குடித்துவிட்டு டியூட்டிக்குப் போகாதே, சீனியரிடம் வாய் கொடுக்காதே என்பதெல்லாம் உங்களுக்கே தெரியும். விஷயம் கை மீறிய பிறகு நடப்பதைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

எந்தக் குற்றச்சாட்டு என்று பார்க்காமல் பதில் சொல்வது

"ஒரு பெக்தான் சாப், நிதானமாகத்தான் இருந்தேன்." எல்லோரும் முதலில் சொல்வது இதைத்தான். 1950 ராணுவச் சட்டத்தின் 48ஆம் பிரிவில் குற்றம் சாட்டியிருந்தால் இதற்கு மதிப்பு உண்டு. அந்தப் பிரிவு தண்டிப்பது போதையை. வேலையை நம்பி அவரிடம் ஒப்படைக்க முடியாத நிலையில் இருந்தாரா, ஒழுங்கில்லாமல் நடந்தாரா என்பதுதான் அங்கே கேள்வி. வாயில் வாசனை வந்தது என்பது மட்டும் போதாது.

ஆனால் எம்ஹெச்சில் (ராணுவ மருத்துவமனையில்) சிகிச்சை முடித்து வந்தவருக்கு, "இனி மதுவைத் தொடக் கூடாது" என்று சிஓ (யூனிட்டின் கமாண்டிங் ஆபீசர்) ஆணை போட்டிருந்தால் கதையே வேறு. அங்கே குற்றம் போதை அல்ல, ஆணையை மீறியது. 41, 42 அல்லது 63ஆம் பிரிவு வரும். அப்போது "ஒரு பெக்தான்" என்றால் நீங்களே ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். அந்த இடத்தில் கேட்க வேண்டியவை வேறு. ஆணை எழுத்தில் இருந்ததா? உங்களுக்குப் படித்துக் காட்டி கையெழுத்து வாங்கினார்களா? ஆணை போட்டது சிஓவா, அல்லது ஆஸ்பத்திரிச் சீட்டில் டாக்டர் எழுதிய அறிவுரையை ஆணை என்கிறார்களா? சிஓ முன் குற்றச்சாட்டு விசாரிக்கப்படும்போது, சாட்சிகளைக் குறுக்குக் கேள்வி கேட்கவும் உங்கள் சாட்சிகளைக் கூப்பிடவும் ராணுவ விதி 22 உரிமை தருகிறது. அந்த நேரத்தில் "கல்தி ஹோ கயி சாப்" (தவறு நடந்துவிட்டது ஐயா) என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வருகிறவர்கள்தான் அதிகம்.

நாலு வரி மன்னிப்புக் கடிதம்

இத்தனை வருடம் கழித்தும் எனக்குக் கோபம் வரவைக்கிற தவறு இது.

ஒருவர் பெயரில் நாலு ரெட் இங்க் என்ட்ரி (சிவப்பு மையில் பதியும் தண்டனைக் குறிப்பு) சேர்ந்துவிட்டால், சேவையில் வைத்திருக்கத் தகாதவர் என்று ராணுவ விதி 13இன் கீழ் டிஸ்சார்ஜுக்குப் பரிந்துரைக்கலாம். முதலில் ஒரு விசாரணை, பிறகு ஏன் உங்களை விடுவிக்கக் கூடாது என்று விளக்கம் கேட்கும் ஷோ காஸ் நோட்டீஸ், அப்புறம் உங்கள் பதில். நோட்டீஸ் கைக்கு வந்ததும் கம்பெனி ஆபீஸில் யாராவது பழைய ஃபைலில் இருந்து ஒரு பதிலை எடுத்துப் பெயரையும் நம்பரையும் மாற்றித் தருவார். "நான் செய்தது தவறு. குடும்பச் சூழ்நிலையால் இப்படி ஆகிவிட்டது. இந்த ஒரு முறை மன்னிக்கவும்." ஜவானும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிடுவார். பணிவாக எழுதினால் சாப் மனம் இளகும் என்ற நம்பிக்கை.

ஆனால் அதைப் படித்து முடிவெடுப்பவர் உங்கள் சிஓ அல்ல. பிரிகேட் கமாண்டரோ சப் ஏரியா கமாண்டரோதான். அவர் உங்களைப் பார்த்தே இருக்க மாட்டார். நீங்கள் பனியில் நின்றதும் அவருக்குத் தெரியாது, கிரிக்கெட் டீமில் நன்றாக ஆடியதும் தெரியாது. அவர் முன்னால் இருப்பது நாலு தண்டனைகளின் பட்டியலும் உங்கள் நாலு வரியும்தான்.

ஒரு நாயக் வந்தார். பென்ஷனுக்குத் தேவையான 15 ஆண்டை எட்ட ஒரு வருடத்துக்கும் குறைவாகவே பாக்கி இருந்தது. சியாச்சினில் இருந்தவர், காஷ்மீரில் இரண்டு முறை ஃபீல்டு போஸ்டிங் பார்த்தவர். அவர் பதிலில் இதில் ஒரு எழுத்துகூட இல்லை. ஏன் எழுதவில்லை என்று கேட்டால், "அதெல்லாம் ஷீட் ரோலில் இருக்குமே அண்ணா" என்றார். ஷீட் ரோல் என்பது சேவைப் பதிவேடு. இருக்கும்தான். நீங்கள் எடுத்துச் சொல்லாவிட்டால் அந்தப் பக்கத்தை யார் புரட்டுவார்கள்?

இதில் வேதனை என்னவென்றால், ராணுவத் தலைமையகமே 1988 டிசம்பர் 28 தேதியிட்ட கடிதத்தில் நமக்குச் சாதகமானதைச் சொல்லியிருக்கிறது. நாலு ரெட் இங்க் இருந்தால் டிஸ்சார்ஜ் செய்தே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஒவ்வொரு குற்றமும் எப்படிப்பட்டது என்று பார்க்க வேண்டும். நீண்ட சேவை, கடினமான இடங்களில் பார்த்த வேலை, அங்கே பட்ட கஷ்டம் எல்லாவற்றையும் கணக்கில் எடுக்க வேண்டும். பென்ஷனை நெருங்கியவரிடம் கடுமை காட்டக் கூடாது. 2015 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் இந்தக் கடிதத்தை வைத்துத்தான், பல ரெட் இங்க் இருந்த ஒரு ஜவானின் டிஸ்சார்ஜை ரத்து செய்தது. 2019இல் அதே நீதிமன்றம் இன்னொருவரின் டிஸ்சார்ஜைச் சரி என்றது. தெளிவில்லாத குடும்பக் காரணத்தைத் தவிர அவர் தன் பதிலில் எந்த விளக்கமும் தரவில்லை என்று அந்தத் தீர்ப்பிலேயே இருக்கிறது. அந்த நாலு வரி நீதிமன்றம் வரைக்கும் கூடவே வரும்.

சரி, பதில் எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு ரெட் இங்க் என்ட்ரிக்கும் தனிப் பத்தி எழுதுங்கள்: தேதி, என்ன நடந்தது, யாருக்காவது பாதிப்பு உண்டா, அப்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள். லீவு முடிந்து இரண்டு நாள் தாமதமாக வந்ததையும் குடித்துவிட்டு அடிதடி செய்ததையும் ஒரே தட்டில் வைக்க விடாதீர்கள். பிறகு போஸ்டிங் வரிசை, மெடல்கள், பென்ஷனுக்கு எவ்வளவு காலம் பாக்கி. "குடும்பச் சூழ்நிலை" என்ற வார்த்தையை அடித்துவிட்டு, அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தாரா, வீட்டில் யார் இறந்தார்கள் என்று ஆதாரத்தோடு எழுதுங்கள். கடைசியில் 1988 கடிதத்தைத் தேதியோடு குறிப்பிட்டு, அதன்படி பரிசீலிக்கக் கேளுங்கள். கொடுத்த கெடு போதாவிட்டால் எழுத்தில் அவகாசம் கேளுங்கள். மன்னிப்பும் கேட்கலாம், தவறில்லை. அது கடைசிப் பத்தியில் வரட்டும்.

"சொந்த விருப்பத்தில் போகிறேன்" என்று எழுதிக் கொடுப்பது

மரியாதையாகப் போகலாம் என்று யார் சொன்னாலும் வேண்டாம்.

லீவில் போய்த் திரும்பாமல் இருப்பது

30 நாள் தாண்டினால் நீங்கள் வராததைப் பற்றி கோர்ட் ஆஃப் என்கொயரி, அதாவது விசாரணைக் குழு. டிஸ்சார்ஜ் வழக்கு டெசர்ஷன் (படையை விட்டு ஓடிய) வழக்காகிவிடும்.

நோட்டீஸ் பயத்தில் ஒரே நாளில் குடியை நிறுத்துவது

தினமும் நிறையக் குடிப்பவர் தானாகத் திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை வரும். சிலருக்கு ஓரிரு நாளில் வலிப்பும், தொடர்ந்து மனக்குழப்பமும் வரும். உயிரே போகலாம். பேரக்கில் போர்வையைப் போர்த்திக்கொண்டு இதைச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். ஆர்எம்ஓவிடம் (யூனிட் டாக்டரிடம்) போய் உண்மையைச் சொல்லுங்கள், அவர் எம்ஹெச்சுக்கு அனுப்புவார். மெடிக்கல் கேட்டகரி (உடல்தகுதித் தரம்) இறங்குமே என்று பயந்து மறைக்கிறவர்கள் பலர். இறங்கலாம்தான். ஆனால் மதுச் சார்பு ஒரு நோய், சிகிச்சைக்கு நீங்களாகவே போனீர்கள் என்று காட்ட அந்தக் காகிதம்தான் இருக்கிறது. மீண்டும் குடித்துவிட்டாலும் அதே டாக்டரிடம் அன்றைக்கே போய்ச் சொல்லிவிடுங்கள்.

பிரதி எடுக்காமல் யூனிட்டை விட்டுக் கிளம்புவது

ஆர்டர் வந்த நாளில் ஆட்கள் பெட்டியைக் கட்டுவதிலேயே இருக்கிறார்கள். நோட்டீஸ், உங்கள் பதில், அது பெறப்பட்டதற்கான கையெழுத்து, டிஸ்சார்ஜ் ஆர்டர், சிகிச்சைத் தாள்கள் எல்லாவற்றுக்கும் பிரதி எடுங்கள். நீங்கள் வீடு போய்ச் சேர்ந்த பிறகு உங்கள் ஆவணங்கள் ரெக்கார்ட் ஆபீஸுக்குப் போய்விடும். விட்டுப்போனதை 10 ரூபாய் கட்டணத்தில் தகவல் அறியும் உரிமை மனு போட்டுக் கேட்கலாம். ஆனால் இறுதி ஆணை வந்த தேதியிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆயுதப் படைத் தீர்ப்பாயத்துக்குப் போக வேண்டும். நமக்குச் சென்னையிலேயே அமர்வு இருக்கிறது. தாமதமானால் காரணம் காட்டி மனுப் போடலாம், ஆனால் ஏற்பார்களா என்பது நம் கையில் இல்லை. அதனால் தகவல் மனுவின் பதிலுக்காகக் காத்திருக்காமல், கையில் இருக்கும் காகிதத்தோடு முதல் மாதத்திலேயே வக்கீலைப் பாருங்கள்.