விமானத்தின் பொற்காலமும் பாசிசமும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட இருபது ஆண்டுகளை விமானத்தின் பொற்காலம் என்கிறோம். முசோலினியும் ஹிட்லரும் ஆட்சியைப் பிடித்ததும் அதே காலத்தில்தான். இந்த இரண்டையும் சேர்த்துப் பேசும்போது சில தவறுகள் திரும்பத் திரும்ப வருகின்றன.

சாகசம் வேறு, அரசியல் வேறு என்று பிரித்துப் படிப்பதைத்தான் முதலில் சொல்ல வேண்டும். 1933 ஜூலையில் இத்தாலியின் விமான அமைச்சர் இட்டாலோ பால்போ, ஓர்பெதெல்லோ கடற்கழியிலிருந்து 25 எஸ்.55 விமானங்களோடு கிளம்பினார். தண்ணீரில் இறங்கி ஏறும் இரட்டைப் படகு விமானங்கள் அவை. ஆம்ஸ்டர்டாமில் ஒன்று விபத்துக்குள்ளானது. மற்ற 24 விமானங்களும் ஐஸ்லாந்து, லாப்ரடார், மாண்ட்ரியல் வழியாக அட்லாண்டிக்கைக் கடந்து, சிக்காகோவில் மிச்சிகன் ஏரியில் இறங்கின. சிக்காகோ நகரம் ஒரு தெருவுக்கே அவர் பெயரை வைத்தது. முசோலினி அனுப்பிய பழைய ரோமானியத் தூண் இன்றும் அங்கே நிற்கிறது.

பறந்தவர்களின் திறமையைப் பாராட்டலாம், அதில் தப்பில்லை. ஆனால் தலைமை தாங்கியவர் யார்? இத்தாலியின் ஃபெராரா பகுதியில் முசோலினி கட்சியின் கருஞ்சட்டைக் கும்பல்களை நடத்தியவர். தொழிற்சங்க அலுவலகங்களைக் கொளுத்துவதும், எதிர்ப்பவர்களை அடித்து வாயில் விளக்கெண்ணெயை ஊற்றுவதும் அந்தக் கும்பல்களின் வேலை. 1922இல் முசோலினியை ஆட்சியில் அமர்த்திய, ரோம் நோக்கிய படையெடுப்பை நடத்திய நால்வரில் அவரும் ஒருவர். சிக்காகோ பயணத்தின் நோக்கமே, அதே ஆட்சியை உலகத்தின் முன் நவீனமாகக் காட்டுவதுதான். இதை விட்டுவிட்டுச் சொன்னால், பாதிக் கதையைத்தான் சொல்கிறோம்.

அடுத்தது, சாதனையைப் படைபலமாக எடுத்துக்கொள்வது. 1934 அக்டோபர் 23 அன்று ஃபிரான்செஸ்கோ அஜெல்லோ மக்கி எம்.சி.72 விமானத்தில் மணிக்கு 709 கிலோமீட்டர் வேகத்தைத் தொட்டார். இரண்டு 12 சிலிண்டர் எஞ்சின்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, எதிரெதிராகச் சுழலும் இரண்டு காற்றாடிகளைப் பூட்டிய விமானம் அது. பிஸ்டன் எஞ்சினோடு நீரில் இறங்கும் விமானங்களில் அந்த வேகத்தை இன்றுவரை யாரும் தாண்டவில்லை. சரி, 1940இல் இத்தாலி போரில் இறங்கியபோது அதன் முக்கியப் போர் விமானங்களில் ஒன்று எது தெரியுமா? ஃபியட் சி.ஆர்.42. இரட்டை இறக்கை, மடங்காத சக்கரம், விமானி உட்காரும் இடத்துக்குக் கூரை கிடையாது.

விமானத்தையே பாசிசத்தின் பிள்ளை என்று நினைப்பது, முதலில் சொன்னதற்கு நேர் எதிரான தவறு. 1919இலேயே முழு உலோகப் பயணிகள் விமானத்தைக் கட்டிய ஹியூகோ யுங்கர்ஸ், நாஜிகளோடு ஒத்துப்போகாதவர். 1933இல் அவருடைய காப்புரிமைகளையும் பங்குகளையும் மிரட்டிப் பிடுங்கினார்கள், ஊரைவிட்டும் துரத்தினார்கள். 1935இல் இறந்துபோனார். அவர் பெயர் தாங்கிய யு-52 விமானங்கள் 1937இல் ஸ்பெயினின் குவெர்னிகா நகரத்தின் மீது குண்டு போட்டன.

லாவுரோ தெ போசிஸை மறந்துவிட்டு இந்த வரலாற்றை எழுதவே கூடாது என்பேன். அவர் ஒரு கவிஞர், தனியாக விமானம் ஓட்டிப் பழகியதோ சில மணி நேரம்தான். 1931 அக்டோபர் 3 அன்று சிறிய விமானத்தில் ரோம் நகரத்துக்கு மேல் தாழப் பறந்து, முசோலினிக்கு எதிரான துண்டறிக்கைகளை மழையாகக் கொட்டினார். திரும்பி வரவே இல்லை.

அப்புறம், வானிலிருந்து மக்களைத் தாக்குவது குவெர்னிகாவில் தொடங்கியது என்று எழுதுகிறார்கள். விமானத்திலிருந்து முதல் குண்டு விழுந்தது 1911இல், லிபியாவில். வீசியவர் இத்தாலியர்தான், ஆனால் அப்போது பாசிசம் பிறக்கவில்லை. 1920களில் ஈராக் கிராமங்கள் மீது குண்டு போட்டது பிரிட்டிஷ் விமானப்படை. 1935-36இல் எத்தியோப்பியாவில் இத்தாலிய விமானங்கள் கடுகு வாயுவைத் தெளித்தன. நச்சு வாயுவைத் தடைசெய்த 1925 ஜெனீவா உடன்பாட்டை இத்தாலி ஏற்றிருந்தும்கூட. ஒன்பது, பதினைந்து, பதினெட்டு என்று அடுத்தடுத்து வந்த விமானங்கள், புகை இடைவெளியில்லாமல் படரும்படி பறந்ததை எத்தியோப்பியப் பேரரசர் ஹைலி செலாசி 1936 ஜூனில் ஜெனீவாவில் விவரித்தார். இந்தக் காலத்தைப் பற்றி எழுத உட்காருபவர்கள், சிக்காகோ வரவேற்பைப் படிப்பதற்கு முன்பு அந்த உரையைப் படிக்க வேண்டும்.