தெக்கோங் போகும் முன் கெண்டைக்கால் முன்புற வலி போனது எப்படி

சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவைக்கு, அதாவது தெக்கோங் தீவில் ராணுவப் பயிற்சிக்குப் போக, 3 மாதம் இருந்தது. சேருமுன் உடலுறுதித் தேர்வில் 61 புள்ளி எடுத்துவிட்டால் சேவைக்காலத்தில் 2 மாதம் குறையும். மொத்தம் 100 புள்ளி. அதில் பாதி 2.4 கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டுமே. மீதி புஷ்-அப், சிட்-அப்புக்கு 25, 25.

அதனால் தினமும் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி புளோக்கைச் சுற்றி சிமெண்ட் தரையில் முழு வேகத்தில் ஓடினேன். இரண்டே வாரத்தில் முழங்காலுக்குக் கீழே, எலும்பை ஒட்டி அப்படி ஒரு வலி. படி இறங்கவே கஷ்டம்.

பத்து நாள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நீச்சல் மட்டும் அடித்தேன். அப்புறம் வாரத்துக்கு மூன்றே நாள், அரங்கத்தின் ரப்பர் தடத்தில். இரண்டு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய மெதுவான ஓட்டம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டரை 2 நிமிடத்தில், இடையில் நடந்து ஓய்வெடுத்து ஆறு முறை. ஆறும் சேர்ந்தால் சரியாக 2.4 கிலோமீட்டர்! குதிகாலை உயர்த்தி இறக்கும் பயிற்சி தினமும். தேய்ந்த காலணியையும் மாற்றினேன். அதை முதலிலேயே செய்திருக்க வேண்டும்.

வலி திரும்பவில்லை. 14 நிமிடத்தைத் தாண்டிய ஓட்டம் 12:20க்கு வந்தது. 61ஐயும் தாண்டிவிட்டேன்.