குட்டிச் சொற்களை அழுத்துவதை நான் விட்ட கதை

ஆங்கிலத்தில் என் இலக்கணம் சரியாகத்தான் இருக்கும், ஆனாலும் எதிரில் இருப்பவர் "என்ன?" என்று திரும்பக் கேட்பார். ஒரு நாள் பேசியதைப் போனில் பதிவு செய்து கேட்டபோதுதான் புரிந்தது: டு, ஆஃப், ஃபார், அண்ட் எல்லாவற்றையும் பெயர்ச்சொல் மாதிரி முழுசாக அழுத்திக்கொண்டிருந்தேன்.

அதிகம் படுத்தியது 'கேன்'. 'ஐ கேன் கம்' என்பதில் அதை அழுத்தினால் 'வர முடியாது' என்றே சிலருக்குக் கேட்கிறது, ஏனென்றால் அமெரிக்கப் பேச்சில் 'கேன்ட்'டின் கடைசி ட் பெரும்பாலும் அமுங்கிப் போகும், மிச்சமிருப்பது அழுத்தம்தான். முடியும் என்றால் வெறும் 'கன்', பலம் எல்லாம் 'கம்' மேல்.

'கன்' என்பதில் வரும் அந்த மங்கலான உயிரொலிக்கு ஷ்வா என்று பெயர். எனக்கு அதைப் பிடித்துத் தந்தது நம் குற்றியலுகரம்! 'காசு' என்னும்போது கடைசி உகரம் உதடு குவியாமல் அரை மாத்திரையில் முடிகிறதே, (அதே ஒலி இல்லை) அந்தச் சோம்பல் வாய்தான் வேண்டும்.

பயிற்சி எளிது. மேசையைத் தட்டிக்கொண்டே 'வெயிட்', 'பஸ்' என்று சொல்லி, தட்டும் வேகம் மாறாமல் நடுவில் 'வெயிட் ஃபர் த பஸ்' என்று நுழைத்தேன்.

அப்புறம் எல்லாவற்றையும் விழுங்க ஆரம்பித்து இன்னொரு தப்பு. இந்தக் குட்டிச் சொற்கள் வாக்கியக் கடைசியில் வந்தால் குறுகாது: 'ஹூ ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' என்று முழுசாகத்தான் சொல்ல வேண்டும்.