மடவை மீனின் ஹிஸ்டோன் மரபணுக்களைப் படிப்பது எப்படி

செல்லுக்குள் டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதங்கள்தான் ஹிஸ்டோன்கள்; எச்1, எச்2ஏ, எச்2பி, எச்3, எச்4 என்று ஐந்து வகை. அவற்றின் மரபணுக்களைப் படிக்க, கடலூர் முதுநகரிலோ தேங்காய்த்திட்டிலோ காலையில் கரைக்கு வரும் மடவை போதும். விற்கிற அக்காவிடம் கேட்டு வால் துடுப்பில் நகக்கண் அளவு வெட்டி, அங்கேயே 95 சதவீத எத்தனாலில் போட்டுவிடுங்கள். ஃபார்மலின் வேண்டவே வேண்டாம், டிஎன்ஏ கெட்டுவிடும். மடவையில் ஒன்றைப்போலவே இன்னொன்று இருக்கும் இனங்கள் உண்டு, அதனால் முதலில் இனத்தை உறுதி செய்யுங்கள். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் மையம் இருக்கிறது, கேட்டுப் பாருங்கள்.

அப்புறம் எச்4, எச்3 இரண்டில் தொடங்குங்கள். செல் பிரியும்போது வேலை செய்யும் ஹிஸ்டோன் மரபணுக்களில் இன்ட்ரான் (மரபணுவின் நடுவே வந்து, ஆர்என்ஏவில் வெட்டி எடுக்கப்படும் துண்டு) கிடையாது, எனவே பிசிஆருக்கு (ஒரு டிஎன்ஏ துண்டைப் பல நகலாகப் பெருக்கும் முறை) நேரடியாக டிஎன்ஏவே போதும். தொடக்கக் குறியும் முடிவுக் குறியும் சேர்த்து எச்4-க்கு 312 டிஎன்ஏ எழுத்து, எச்3-க்கு 411. முடிவுக் குறியைத் தாண்டியும் கொஞ்சம் படியுங்கள், ஏனென்றால் இவற்றின் எம்ஆர்என்ஏவில் (மரபணுவின் செய்தியைச் சுமக்கும் ஆர்என்ஏ) வழக்கமாக இருக்கும் பாலி-ஏ வால், அதாவது கடைசியில் வரும் ஏ எழுத்துகளின் தொடர், இல்லை, அதற்குப் பதில் ஆறு ஜோடித் தண்டும் நான்கு எழுத்து வளையமும் கொண்ட மடிப்பு இருக்கும். ஆர்என்ஏவிலிருந்து போகிறவர்கள் அந்த வாலில் ஒட்டும் ஒலிகோ-டிடி பிரைமர் போட்டால் இவை கையில் சிக்காது, எங்கும் ஒட்டும் ரேண்டம் பிரைமர் போடுங்கள். இடையில் இன்ட்ரான் வந்தால் அது எச்3-இன் இன்னொரு வகையான எச்3.3 ஆக இருக்கலாம். 31, 87, 89, 90-ஆம் அமினோ அமிலங்களைப் பார்த்தால் தெரிந்துவிடும்.

பலர் குழம்பும் இடம் சாங்கர் வரைபடம், அதாவது டிஎன்ஏ எழுத்துகளை வரிசையாக முகடுகளாகக் காட்டும் படம். லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு ஏஏஏவும் குறி, ஏஏஜியும் குறி. மரபணுவுக்குப் பல நகல்கள் இருப்பதால் மூன்றாம் இடத்தில் ஏ முகடும் ஜி முகடும் ஒன்றன்மேல் ஒன்றாக நிற்கும். அதை அழுக்கு என்று நினைத்து வெட்டி எறியாதீர்கள், குளோன் செய்து (நகல்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பெருக்கி) ஒவ்வொரு நகலாகப் படியுங்கள்.

சரி, இந்த மரபணுக்கள் அடுத்தடுத்து நிற்கும் அடுக்கு எப்படி? எனக்கு இதுதான் முக்கியம். ரெயின்போ டிரவுட் மீனில் சுமார் 10,200 எழுத்து நீளத் தொகுதியில் எச்4, எச்2பி, எச்1, எச்2ஏ, எச்3 என்று ஐந்தும் ஒரே திசையில் நிற்கின்றன. பழ ஈயிலோ 5,000 எழுத்துக்குள் ஐந்தும் அடங்கும், திசையும் கலந்திருக்கும். அதனால் டிரவுட்டின் வரிசையை மடவைக்கு அப்படியே எழுதிவிடாதீர்கள். டிஎன்ஏவைக் குட்டைத் துண்டுகளாக வாசித்து ஒட்டும்போது இந்த நகல்கள் ஒரே நகல் போல ஒன்றாக மடிந்துவிடும். அந்த இடத்தில் வாசிப்பு ஆழம் (ஓர் இடம் எத்தனை முறை வாசிக்கப்பட்டது என்பது) மற்ற இடங்களைவிடப் பல மடங்கு ஏறியிருந்தால் அப்படித்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். 30,000 எழுத்துக்கு மேலான நீண்ட வாசிப்பு எடுத்து, அதற்கு ஐஸில் வைத்த புதுத் தசையிலிருந்து டிஎன்ஏ பிரித்து, ஒவ்வொரு மரபணுவுக்கும் அம்புக்குறி போட்டு வரிசையை வரையுங்கள்.