மேனேஜபிள்: வேலைக்குச் சொல்லுங்கள், உங்களுக்குச் சொல்லாதீர்கள்

வேலையில் சேர்ந்த புதிதில், "இத்தனையும் உங்களால் முடியுமா?" என்று மேலாளர் மெயிலில் கேட்டிருந்தார். சமாளித்துவிடுவேன் என்று சொல்வதாக நினைத்து, "யெஸ், ஐ ஆம் மேனேஜபிள்" என்று தட்டிவிட்டேன். "எங்களுக்கு அது நல்லதுதான்" என்று பதில் வந்தது, கூடவே ஒரு சிரிப்பு பொம்மை. அது எதற்கென்று புரிய இரண்டு நாள் ஆனது.

முதலில் பொருள். மேனேஜ் என்றால் சமாளிப்பது, மேனேஜபிள் என்றால் சமாளிக்கக்கூடியது. 'சுலபம்' இல்லை. பாரம் இருக்கிறது, ஆனால் தூக்கிவிடலாம். ஈஸி என்று சொல்லிப் பாருங்கள், இன்னும் இரண்டு வேலை தலையில் விழும்!

அடுத்து, நான் சறுக்கிய இடம். சமாளிப்பது நாம், சமாளிக்கப்படுவது வேலை. இந்தச் சொல் ஒட்டுவது வேலையோடு. வாஷபிள் துணி என்றால் துவைக்கக்கூடிய துணி. துணி எதையும் துவைப்பதில்லை அல்லவா? அப்படியானால் "ஐ ஆம் மேனேஜபிள்" என்பதற்கு, 'என்னை மேய்ப்பது சுலபம், சொன்னபடி கேட்பேன்' என்றுதான் பொருள். நான் எழுதியிருக்க வேண்டியது "ஐ கேன் மேனேஜ்" அல்லது "தி வொர்க்லோடு இஸ் மேனேஜபிள்".

சந்தேகம் வந்தால் அந்த இடத்தில் 'சமாளிக்கப்படக்கூடிய' என்று போட்டுப் படியுங்கள். வேலை, கூட்டம், வலி, கடன், சிக்குப் பிடித்த தலைமுடி எல்லாவற்றுக்கும் பொருந்தும். சமாளிக்கவே முடியாததற்கு முன்னால் 'அன்' சேர்த்து அன்மேனேஜபிள்.

இத்தாலிய மொழியில் குதிரையைப் பழக்குவதற்கு இருந்த சொல்லிலிருந்து வந்ததாம் மேனேஜ். அதற்கும் வேர், லத்தீனில் கையைக் குறிக்கும் மானுஸ். நம் 'கையாளு'விலும் கை உட்கார்ந்திருக்கிறது!

எழுத்துக்கூட்டலில் ஒன்றே ஒன்று: 'ஜி'க்குப் பின்னால் வரும் 'ஈ'யை விழுங்கிவிடாதீர்கள். 'ஜ' ஓசையைக் காப்பாற்றுவது அதுதான். சேஞ்சபிள் என்ற சொல்லிலும் இதே கதை.

அகராதி என்றால் என் ஓட்டு ஆக்ஸ்போர்டு லேர்னர்ஸ் டிக்‌ஷனரிக்கு. 'கையாளத்தக்க' என்று ஒற்றை வரியில் முடித்துவிடும் அகராதியை நம்பித்தான் நான் விழுந்தேன்.

பின்சேர்க்கை: "திஸ் கேன் பி மேனேஜபிள்" சரியா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். 'சமாளிக்கலாம்' என்று மட்டும் சொல்வதற்கு அது வேண்டாம். 'கூடிய' என்பது ஏபிளிலேயே இருக்கிறது, மேலே 'கேன்' எதற்கு? "திஸ் இஸ் மேனேஜபிள்" போதும். கேன் வேண்டும் என்று அடம்பிடித்தால் "திஸ் கேன் பி மேனேஜ்ட்".